பூக்கட்டும் கையும் கிரிவலக் காலும்

மனிதர்கள் செய்யும் வேலைகளுக்கெல்லாம் எண் போட்டு வைத்திருக்கும் பட்டியல் ஒன்று உண்டு. 1993இல் அமெரிக்காவில் பார்பரா ஐன்ஸ்வொர்த்தும் அவருடைய குழுவினரும் வெளியிட்டது. 2000, 2011, 2024 ஆகிய ஆண்டுகளில் அதைத் திருத்தி விரித்தார்கள். ஓடுவது, நீந்துவது, பெருக்குவது, துணி தைப்பது, சும்மா படுத்துக் கிடப்பது என ஒவ்வொன்றுக்கும் உடல் எவ்வளவு ஆற்றலைச் செலவிடுகிறது என்று அதில் பார்க்கலாம். அளவுகோலின் பெயர் ‘மெட்’. அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடல் செலவிடும் ஆற்றல் 1 மெட். எடையில் கிலோ ஒன்றுக்கு மணிக்கு ஏறத்தாழ 1 கலோரி. அதைப்போல இரண்டு மடங்கு செலவானால் 2 மெட். வழிபாடு சார்ந்த செயல்களுக்கென்று தனிப் பிரிவே அந்தப் பட்டியலில் இருக்கிறது. உட்கார்ந்து பிரார்த்திப்பதற்கு ஓர் எண், நின்று பாடுவதற்கு ஓர் எண். கோயில் ஊரில் வாழ்கிறவர்களுக்கு இது சற்று வியப்பாக இருக்கும்.

திருவண்ணாமலையை வைத்தே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமிக் கூட்டத்தில் எட்டு லிங்கங்களையும் கும்பிட்டுக்கொண்டு மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால் மூன்றரை மணி நேரம். அந்த வேக நடைக்குப் பட்டியல் தரும் மதிப்பு 3 மெட். மூன்றரை மணிக்கு மொத்தம் பத்தரை. இப்போது கோயில் வாசலில் தரையில் உட்கார்ந்து காலை முதல் மாலை வரை எட்டு மணி நேரம் பூக்கட்டும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். பட்டியலில் பூக்கட்டுவதற்கு மிக நெருங்கிய வேலை, உட்கார்ந்தபடி கையால் பின்னுவது; 2011ஆம் ஆண்டுப் பதிப்பில் அதற்கு 1.3 மெட். எட்டு மணிக்கு 10.4. இருவரும் 60 கிலோ எடை என்றால் நடந்தவருக்கு 630 கலோரி, பூக்கட்டியவருக்கு 624. மலையைச் சுற்றி வந்த கால்களும் மல்லிகை தொடுத்த விரல்களும் சமம் என்று கணக்கு சொல்கிறது.

உட்கார்ந்து செய்யும் அன்றாட வேலைகளையும் உடற்பயிற்சியாகக் கணக்கில் எடுக்கலாம் என்று வாதிடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். காய் நறுக்கினேன், துணி மடித்தேன், கடையில் நாள் முழுக்கப் பொட்டலம் கட்டினேன்; எல்லாம் சேர்த்தால் கலோரி சரியாகத்தானே வருகிறது என்கிறார்கள். கூட்டலில் பிழை கிடையாது. பிழை வேறிடத்தில் இருக்கிறது. அந்தப் பத்தரைக்குள் உயிரோடு இருப்பதற்காக மட்டுமே உடல் செலவிடும் 1 மெட் ஒளிந்திருக்கிறது. அதைக் கழித்துவிட்டு மீதியைப் பாருங்கள். கிரிவலத்தில் மணிக்கு 2 வீதம் மூன்றரை மணிக்கு 7. பூக்கட்டுவதில் மணிக்கு 0.3 வீதம் எட்டு மணிக்கு 2.4. எட்டு மணி நேரத்தின் உழைப்பு, மூன்றரை மணி நேர நடையில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டுகிறது, அவ்வளவுதான்.

இதோடும் விஷயம் முடியவில்லை. உடற்பயிற்சியின் பயன் எரிந்த கலோரியில் மட்டும் இல்லை. இதயம் வேகமாகத் துடிக்க வேண்டும், மூச்சு கொஞ்சம் வாங்க வேண்டும், தொடை, கெண்டைக்கால் போன்ற பெரிய தசைகள் சுருங்கி விரிந்து ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுக்க வேண்டும். விரல் நுனி எவ்வளவு வேகமாக ஓடினாலும், ஒரு முழம் பூவை எத்தனை நொடியில் கட்டி முடித்தாலும், இதயத்துக்கு அந்தச் செய்தி போய்ச் சேர்வதில்லை. சிறிய தசைகள் எட்டு மணி நேரம் உழைத்து அலுத்துப்போகும். பெரிய தசைகளோ எட்டு மணி நேரமும் உறங்கிக்கொண்டிருக்கும். அசதி உண்மை. ஆனால் அசதி உடற்பயிற்சிக்குச் சான்று ஆகாது.

உடற்பயிற்சி என்றால் என்ன என்பதற்கு ஆய்வுலகம் வைத்திருக்கும் வரையறை 1985இல் கேஸ்பர்சன், பவல், கிறிஸ்டென்சன் என்ற மூவர் எழுதியது. தசைகள் இயங்கி ஆற்றல் செலவாகும் எதுவும் உடலியக்கம். அதில் திட்டமிட்டு, ஒழுங்காக, திரும்பத் திரும்ப, உடல் திறனை வளர்க்கும் நோக்கத்தோடு செய்வது மட்டுமே உடற்பயிற்சி என்றார்கள். ஆய்வு செய்கிறவர்களுக்கு வசதியான பிரிப்பு. ஆனால் இதை அப்படியே ஏற்றால் கிரிவலமும் உடற்பயிற்சி ஆகாது. வேண்டுதலுக்காக வெறுங்காலோடு நடக்கிறவர் உடல் திறனை நினைத்து நடப்பதில்லை. ஈசான்ய லிங்கத்தை எட்டும்போது அவருடைய இதயம் அடைந்திருக்கும் பயனை அவருடைய நோக்கம் கூட்டவோ குறைக்கவோ போவதில்லை. ஆகவே எதற்காகச் செய்தார் என்ற கேள்வியை இந்தக் கட்டுரையில் நான் ஒதுக்கிவைக்கிறேன். எந்தத் தசை, எவ்வளவு நேரம், எவ்வளவு அழுத்தமாக வேலை செய்தது என்பதுதான் உடல் கேட்கும் கேள்வி.

உட்கார்ந்த வேலைக்கும் நோய்க்கும் உள்ள உறவை முதலில் தெளிவாகக் காட்டியவர் ஜெரமி மோரிஸ். லண்டன் இரட்டை மாடிப் பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு 1953இல் லான்செட் இதழில் எழுதினார். ஒரே பேருந்து, ஒரே சம்பள வட்டம், ஒரே ஊர். நாள் முழுக்கப் படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு, இருக்கையில் இருந்த ஓட்டுநர்களுக்கு அதிகம். அவருடைய குழு அங்கே நிற்காமல் 1956இல் சீருடைகளின் இடுப்பளவை எடுத்துப் பார்த்தது. ஓட்டுநராக வந்தவர்களின் இடுப்பு தொடக்கத்திலேயே சற்றுப் பெரிது என்று தெரிந்தது. உட்காரும் வேலை உடலைக் கெடுத்ததா, அல்லது அப்படிப்பட்ட உடல் கொண்டவர்கள் அந்த வேலைக்குப் போனார்களா என்ற ஐயத்தைத் தங்கள் முடிவின் மீதே எழுப்பியவர்கள் அவர்கள். இந்தத் துறையில் படிக்கிற ஒவ்வொரு புள்ளிவிவரத்தோடும் இந்த ஐயத்தைக் கூடவே வைத்துக்கொள்வது நல்லது.

அதே 1956இல் நம் நாட்டிலிருந்தே ஒரு சான்று வந்தது. ஊட்டச்சத்து அறிஞர் ஜீன் மேயர் மேற்கு வங்காளத்தில் ஒரு சணல் ஆலைத் தொழிலாளர்களின் உணவையும் எடையையும் வேலையையும் சேர்த்து ஆராய்ந்தார். கடை வைத்து உட்கார்ந்திருந்தவர்கள் முதல் கரி அள்ளிப் போட்டவர்கள் வரை வரிசைப்படுத்தினார். இலகுவான வேலையிலிருந்து கடின வேலை வரை, உழைப்பு கூடக் கூட உணவும் கூடியது, எடை ஏறவில்லை. ஆனால் வரிசையின் ஒரு முனையில், கிட்டத்தட்ட அசையாமல் இருந்த கடைக்காரர்களும் மேற்பார்வையாளர்களும் இலகுவான வேலை செய்தவர்களைக் காட்டிலும் அதிகமாகச் சாப்பிட்டார்கள், எடையும் மிகுந்திருந்தார்கள். உழைப்பு ஓர் அளவுக்குக் கீழே போய்விட்டால், எவ்வளவு பசிக்க வேண்டும் என்பதை உடலே மறந்துவிடுகிறது என்பது மேயர் கண்டதன் சாரம். இட்லிக் கடைக்கும் நகைக் கடைக்கும் நடுவே வாழும் நம் தேரடி வீதி வியாபாரிகளுக்கு இதைவிட நேரான ஆய்வு எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இனி, உட்காருவது என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுவதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

உட்கார்ந்தோ சாய்ந்தோ படுத்தோ விழித்திருக்கும் நேரத்தில் 1.5 மெட்டுக்கு மேல் செலவாகாத நிலை எதுவோ அதை அசைவற்ற நிலை என்று ஆய்வாளர்கள் 2017இல் கூடி வகுத்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, 2020இல், டேவிட் ராய்க்லன் குழுவினர் தான்சானியாவின் ஹட்சா மக்களைப் பற்றி எழுதினார்கள். இன்றும் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழும் அந்த மக்கள் ஒரு நாளில் ஏறத்தாழ 10 மணி நேரம் ஓய்வில் கழிக்கிறார்கள். நகரத்து ஆட்களுக்குக் குறையாத ஓய்வு. ஆனாலும் நகரத்து நோய்கள் அவர்களை அண்டவில்லை. அவர்கள் நிறைய நடக்கிறார்கள் என்பது முதல் காரணம். ஆய்வாளர்கள் இன்னொன்றையும் கவனித்தார்கள். ஹட்சாக்களுக்கு நாற்காலி இல்லை. குந்தியும் மண்டியிட்டும் இருக்கிறார்கள். குந்தியிருக்கும்போது கால் தசைகள் அணைந்துபோவதில்லை. மெல்லியதாக வேலை செய்துகொண்டே இருக்கின்றன.

நாற்காலி வீட்டுக்கு வீடு வருவதற்கு முன் நம்மவர்கள் வாழ்ந்த தரை வாழ்க்கைக்கும் இதற்கும் உறவு இருக்கிறது. சம்மணமிட்டுச் சாப்பாடு, அரிவாள்மணையின் மேல் ஒரு காலை மடக்கிக் காய் அரிதல், குந்திப் பாத்திரம் துலக்குதல். கோயில் வாசல் பூக்காரர்கள் இன்றும் தரையில்தான் இருக்கிறார்கள். இந்த வாழ்க்கையில் பெரிய பயன் உட்கார்ந்திருந்ததில் இருந்ததாக நான் நினைக்கவில்லை, எழுந்ததில் இருந்தது. தரையிலிருந்து ஒருமுறை எழ, இடுப்பும் தொடையும் முழு உடலையும் தூக்க வேண்டும். பிரேசிலில் கிளாடியோ கில் அராவ்ஜோ குழுவினர் 51 முதல் 80 வயது வரையான 2,002 பேரை, கையை ஊன்றாமல் தரையில் அமர்ந்து எழச் சொல்லி மதிப்பெண் போட்டு, 2012இல் முடிவை வெளியிட்டார்கள். மதிப்பெண் குறைவாக எடுத்தவர்களிடையே, பிந்தைய ஆண்டுகளில் இறப்பு பல மடங்கு அதிகம். தரை வாழ்க்கை நாளுக்குப் பத்து இருபது முறை இந்தத் தேர்வை நம் தாத்தா பாட்டிகளுக்குக் கேட்காமலே வைத்தது. சோபாவும் சாப்பாட்டு மேசையும் வந்தபோது அந்தப் பத்து இருபதும் போயின. தரைக்குத் திரும்பச் சொல்லும் பழமைப் பேச்சுக்கும் எல்லை உண்டு. பெய்ஜிங்கில் முதியவர்களிடம் நடந்த ஓர் ஆய்வு, இளமையில் நாள்தோறும் நெடுநேரம் குந்தியிருந்தவர்களுக்கு முழங்கால் மூட்டுத் தேய்வு அதிகம் என்று 2004இல் காட்டியது. நாள் முழுக்கக் குந்தி வேலை செய்கிறவருக்கு முழங்கால் வலி வருகிறது என்றால் அது வயதின் குற்றம் மட்டும் அல்ல.

இந்த ஊரைப் பற்றிப் பேசும்போது தியானத்தில் அமர்வதைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 1896இல் இங்கே வந்து பாதாள லிங்கக் குகையில் அசையாமல் அமர்ந்த இளைஞரின் தொடைகளைப் பூச்சிகள் அரித்ததும் அவருக்குத் தெரியவில்லை என்று ரமணரின் வரலாறு சொல்கிறது. அந்த இருப்பைப் பட்டியலில் வைத்தால் 1 மெட். தியானத்துக்கு அது தரும் எண் அவ்வளவுதான். தியானம் மனத்துக்குத் தருவதை மெட்டில் அளக்க முயல்வது தவறு. தியானம் செய்தேன், ஆகவே இன்றைக்கு உடலுக்கு ஆயிற்று என்று நினைப்பதும் அதே அளவு தவறு. ரமணரே பின்னாளில் விடியுமுன் ஆசிரமச் சமையலறையில் காய் நறுக்க வந்துவிடுவார். மூட்டுவலியோடும் கைத்தடி ஊன்றி மலைப்பக்கம் நாள்தோறும் நடந்தார். கிரிவலம் செய்யும்படி வந்தவர்களுக்குச் சொன்னார். அவருடைய அமர்வைப் பின்பற்ற விரும்புகிறவர்கள் அவருடைய நடையையும் கணக்கில் எடுப்பது நியாயம். யோகம் என்ற ஒரே பெயரின் கீழும் இதே வேறுபாடு உண்டு. 2011 பதிப்பில் நாடிசுத்திக்கு 2 மெட், ஹட யோகத்துக்கு 2.5, சூரிய நமஸ்காரத்துக்கு 3.3. மிதமான உழைப்பின் வாசல் 3 மெட்டில் இருக்கிறது. மூன்றில் ஒன்றுதான் அந்த வாசலைத் தாண்டுகிறது.

உட்கார்ந்த வேலையில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது ஆரணியின் குழித்தறி. திருவண்ணாமலை மாவட்டத்திலேயே இருக்கும் பட்டு நெசவு ஊர் அது. நெசவாளர் தரை மட்டத்தில் உட்கார்ந்து கால்களைக் குழிக்குள் விட்டுக்கொள்கிறார். மிதிகளை மாற்றி மாற்றி மிதிக்கப் பாவு இழைகள் மேலும் கீழுமாகப் பிரிகின்றன. கை நாடாவை ஓட்டுகிறது. பலகையை இழுத்து அடிக்க ஊடை நெருங்குகிறது. ஒரு சேலைக்கு இந்தச் சுற்று பல்லாயிரம் முறை. இவரை, பார்த்த மாத்திரத்தில், உட்கார்ந்த வேலைக்காரர் என்று குறித்துவிடலாம். ஆனால் கால் ஓய்வில் இல்லை, தோள் ஓய்வில் இல்லை. தையல் இயந்திரத்தில் தைப்பதற்கே பட்டியல் 2.8 மெட் தருகிறது; கையால் பின்னுவதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். உட்கார்ந்திருப்பதும் அசையாதிருப்பதும் ஒன்றல்ல என்பதற்குத் தறிக்குழியைவிட நல்ல சான்று கிடையாது.

ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் மார்க் ஹாமில்டன் குழுவினர் 2022இல் வெளியிட்ட ஆய்வு இங்கே பொருந்துகிறது. கெண்டைக்காலின் உள்ளே சோலியஸ் என்று ஒரு தசை இருக்கிறது. உடல் எடையில் அது ஏறத்தாழ 1 விழுக்காடுதான். உட்கார்ந்தபடியே முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலை ஏற்றி இறக்குவதன் மூலம் அந்தத் தசையை மணிக்கணக்கில் இயக்க முடிகிறது என்றும், சர்க்கரைக் கரைசல் குடித்தபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரை அப்போது பாதியளவுக்குக் குறைகிறது என்றும் காட்டினார்கள். செய்தி உலகம் முழுக்கப் பரவியது. நாற்காலியில் இருந்தபடியே உடற்பயிற்சி என்று தலைப்பிட்டார்கள். ஆய்வில் பங்கேற்றவர்கள் மிகச் சிலர். சொன்ன அசைவும் சும்மா காலாட்டுவது அல்ல. கருவி பொருத்தி, அந்தத் தசை மட்டும் வேலை செய்யும்படி பழக்கி எடுத்தது. மிதியை அழுத்தும் நெசவாளரின் கால் அதே அசைவைச் செய்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த ஆய்வு ஒரு கதவைத் திறக்கிறது. இடுப்பு இருக்கையில் இருக்கும்போதும் கால் தசைக்கு வேலை கொடுக்க முடியும் என்றால், உட்கார்ந்தே தீர வேண்டிய தொழில்களுக்கு அதைப் பொருத்திப் பார்ப்பது நம் பல்கலைக்கழகங்களின் வேலை. ஆரணித் தறிகளில் ஆக்சிஜன் அளக்கும் கருவியோடு யாராவது போய் உட்கார வேண்டும்.

அப்படி அளந்து 3 மெட் என்றே வந்தாலும் நெசவை உடற்பயிற்சி என்று எழுதிவிடலாமா? கூடாது என்பதே என் முடிவு. உடற்பயிற்சி செய்கிறவர் வலித்தால் நிறுத்துவார், நாளைக்கு வேறு தசைக்கு வேலை கொடுப்பார், ஓய்வு எடுப்பார். கூலிக்கு நெய்கிறவருக்கு இந்த மூன்றும் இல்லை. ஒரே தோள், ஒரே குனிவு, ஒரே மிதி, வருடக் கணக்கில். அதன் பலன் கழுத்து வலியாகவும் இடுப்பு வலியாகவும் வருகிறது. கோபன்ஹேகனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. ஓய்வு நேரத்தில் உடலை இயக்கியவர்களுக்கு மாரடைப்பும் இறப்பும் குறைந்தன. வேலையில் உடலை அதிகம் வருத்தியவர்களுக்கு அதிகரித்தன. ஒரே தசை, ஒரே வியர்வை, எதிரெதிர் விளைவு. ஏழ்மை, புகைப்பழக்கம் போன்றவை இதில் எவ்வளவு கலந்திருக்கின்றன என்ற வாதம் இன்னும் நடக்கிறது; மோரிஸின் சீருடைகளை இங்கேயும் நினைத்துக்கொள்ளலாம். எனினும் நாள் முழுக்க ரத்த அழுத்தத்தை உயர்த்தியே வைத்து, ஓய்வு தராத உழைப்பு உடலை வளர்க்காது, தேய்க்கும் என்பதை நம்புவதற்கு ஆய்வு தேவையில்லை. எந்தச் சுமைதூக்குபவரின் ஐம்பதாவது வயதையும் பார்த்தால் போதும்.

பெயர் வைப்பதிலேயே பயன் இருக்கிறது என்று சொன்ன ஆய்வும் உண்டு. 2007இல் ஆலியா கிரம், எலன் லாங்கர் இருவரும் விடுதி அறைகளைச் சுத்தம் செய்யும் 84 பெண்களில் ஒரு பகுதியினரிடம், நீங்கள் செய்வது நல்ல உடற்பயிற்சிதான் என்று சொல்லி வைத்தார்கள். நான்கு வாரம் கழித்து அவர்களுடைய எடையும் ரத்த அழுத்தமும் குறைந்திருந்தன. மனத்தின் வலிமைக்கு எடுத்துக்காட்டாக இதை நிறைய பேர் சொல்கிறார்கள். அந்தப் பெண்கள் உண்மையிலேயே கடுமையாக உடலை இயக்குகிறவர்கள் என்பதை அப்போது மறந்துவிடுகிறார்கள். இல்லாத உழைப்பை ஒரு பெயர் உண்டாக்கிவிடாது.

பெயர் இல்லாததால் நேரும் அநீதியும் ஒன்று உண்டு. அதைச் சொல்லாவிட்டால் என் பேச்சு ஒருதலையாகிவிடும். தமிழ்நாடும் அடங்கிய ஐ.சி.எம்.ஆர்-இந்தியாப் சர்க்கரை நோய் ஆய்வின் முதல் கட்டம், 14,227 பேரைக் கேட்டு, 54.4 விழுக்காட்டினர் போதிய உடலியக்கம் அற்றவர்கள் என்று 2014இல் சொன்னது. பொழுதுபோக்காக உடலை இயக்குகிறவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. 2024இல் லான்செட் குளோபல் ஹெல்த் வெளியிட்ட கணிப்பில் இந்திய ஆண்களில் 42, பெண்களில் 57 விழுக்காட்டினர் போதிய உடலியக்கம் இல்லாதவர்கள். பெண்கள்தான் அதிகம் சும்மா இருக்கிறார்கள் என்று இதைப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். இத்தகைய கணக்கெடுப்புகளில் பெரிதும் பயன்படும் உலக சுகாதார நிறுவனத்தின் வினாத்தாள், மூச்சு வாங்கும் அளவுக்குத் தொடர்ந்து 10 நிமிடமாவது செய்யும் வேலையைத்தான் கேட்கிறது. அதற்குக் கீழே உள்ள எல்லாம் கணக்கில் விழாது. உட்கார்ந்திருந்தால் அது உட்கார்ந்த நேரத்தில் போய்ச் சேரும். விடியலில் கோலமிட்டு, சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, பகலில் பூக்கட்டி அல்லது வந்தவாசிப் பக்கம் கோரைப்பாய் முடைந்து, இரவில் மீண்டும் சமைத்த பெண் அந்தத் தாளில் அசையாதவர். அவருடைய நாளில் ஓய்வு எங்கே இருந்தது என்று அந்தத் தாள் கேட்கவில்லை.

அதற்காக அவருடைய வேலையை உடற்பயிற்சி என்று மாற்றி எழுதினால் அவருக்கு நன்மை வந்துவிடாது. புள்ளிவிவரம் அழகாகும், அவருடைய சர்க்கரை அப்படியே இருக்கும். தமிழ்நாட்டில் சர்க்கரை நோயின் அளவு 14.4 விழுக்காடு என்று அதே இந்தியாப் ஆய்வு 2023இல் சொல்லியிருக்கிறது. தேவைப்படுவது அந்த வினாத்தாளில் மூன்றாவது ஒரு கட்டம். உடற்பயிற்சியும் அல்ல, சும்மா இருப்பதும் அல்ல; இலகுவான இயக்கம். 36,000 பேருக்கும் மேல் இடுப்பில் அசைவுமானி கட்டி எடுத்த தரவுகளை உல்ஃப் ஏக்லுண்ட் குழுவினர் 2019இல் தொகுத்தபோது, இலகுவான இயக்கம் கூடியவர்களுக்கும் இறப்பு குறைந்திருந்தது தெரிந்தது. 2020இல் உலக சுகாதார நிறுவனமும் தன் வழிகாட்டுதலில் பத்து நிமிட நிபந்தனையைக் கைவிட்டு, எவ்வளவு சிறிய இயக்கமும் சும்மா இருப்பதைவிட மேல் என்று எழுதிவிட்டது. வினாத்தாள்தான் இன்னும் பின்தங்கி நிற்கிறது.

உட்காருவதே உரிமையாக வேண்டியிருந்தவர்களும் இருக்கிறார்கள். ஜவுளிக் கடைகளிலும் நகைக் கடைகளிலும் பத்து மணி நேரம் நின்றே விற்ற பெண்களுக்காகக் கோழிக்கோட்டில் பி. விஜி முன்னின்று நடத்திய போராட்டத்தின் விளைவாகக் கேரளம் 2018இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்றது. நிற்பதற்கும் மெட் கொஞ்சம் கூடுதல்தான். அந்தக் கூடுதல் அந்தப் பெண்களுக்குக் கொடுத்தது நரம்புச் சுருட்டலும் கால் வீக்கமும். உட்காராதே என்று அறிவுரை சொல்கிற மருத்துவக் கட்டுரைகள் அலுவலக நாற்காலியில் இருப்பவரை மட்டுமே மனத்தில் வைத்து எழுதப்படுகின்றன. பூக்காரருக்கு எழ வாய்ப்பு வேண்டும், ஜவுளிக் கடைப் பெண்ணுக்கு உட்கார வாய்ப்பு வேண்டும். இருவருக்கும் வேண்டியது நிலையை மாற்றிக்கொள்ளும் சுதந்திரம்.

மாதம் ஒருமுறை கிரிவலம் வந்துவிடுகிறேனே, போதாதா என்ற கேள்விக்கும் கணக்கு இருக்கிறது. மூன்றரை மணி என்றால் 210 நிமிடம். இரண்டு பௌர்ணமிகளுக்கு இடையே இருபத்தொன்பதரை நாள். வாரத்துக்குப் பிரித்தால் 50 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் கேட்கும் குறைந்த அளவான 150 நிமிடத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு நீண்ட நடை தசைக்குக் கொடுக்கும் சர்க்கரை உறிஞ்சும் திறன் இரண்டு மூன்று நாளில் தணிந்துவிடும். பௌர்ணமி நடையின் பயன் அமாவாசை வரை தாங்காது. கிரிவலம் இங்கே யாரும் கட்டித் தராத மிகப்பெரிய நடைபாதை. அதன் அருமை பௌர்ணமி இரவைவிட மற்ற விடியற்காலைகளில் இருக்கிறது. செங்கம் சாலைப் பக்கம் அரை மணி போய்த் திரும்பினாலே, வாரத்தில் ஐந்து நாள் செய்தால், கணக்கு நிறைந்துவிடும். தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளைத் தொடங்கியது. நல்ல திட்டம். ஆனால் நடைபாதைக்கு வர நேரம் உள்ளவர்களுக்கே அது எட்டும்.

வர முடியாதவர்களுக்குச் செய்யக் கூடியது சிறியது, ஆனால் சான்றுள்ளது. ஆஸ்திரேலியாவில் டேவிட் டன்ஸ்டன் குழுவினர் எடை மிகுந்த 19 பேரை உட்கார வைத்து, 20 நிமிடத்துக்கு ஒருமுறை 2 நிமிடம் மட்டும் மெல்ல நடக்க வைத்தார்கள். எழாமல் உட்கார்ந்திருந்த நாளோடு ஒப்பிட, உணவுக்குப் பிந்திய ரத்தச் சர்க்கரை ஏற்றம் ஏறத்தாழ கால்பங்கு குறைந்தது. 2012இல் வந்த அந்த முடிவு பிறகு பல இடங்களில் சோதிக்கப்பட்டு நிற்கிறது. இரண்டு நிமிடம் என்பது பூக்கடையிலிருந்து குழாயடி வரை போய்வரும் நேரம். ஆனால் முழத்துக்கு இவ்வளவு, சேலைக்கு இவ்வளவு என்று கூலி நிர்ணயிக்கப்பட்ட இடத்தில் அந்த இரண்டு நிமிடத்துக்கும் விலை இருக்கிறது. கூட்டுறவுச் சங்கங்கள் நெசவுக் கூலியைப் பேசும்போது எழுந்து நிற்கும் நேரத்தையும் சேர்த்துப் பேச முடியும். 2021 முதல் வீடு தேடி மாத்திரை கொண்டுவரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டப் பணியாளர்கள் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். ஆரணியிலும் வந்தவாசியிலும் அவர்கள் இன்னும் இரண்டைச் சேர்த்துக் குறிக்கலாம்: ஒரே இருப்பில் எத்தனை மணி நேரம் வேலை, தரையிலிருந்து கையூன்றாமல் எழ முடிகிறதா. இரண்டாவதைச் சோதிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது, கருவி எதுவும் வேண்டாம்.